இரவல் இராயப்பர்

பதினோரு வருஷம் என்னை யூதாஸாகவே நிறுத்தி வைத்தார் பட்லர் ஆம்ப்ரோஸ். அந்த மனத்தாங்கல் எனக்கு இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. நம் நாடக சபை மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று வந்து கேட்டார்கள். முதல் வரியிலேயே இதைப் போடுவதாக இருந்தால் எழுதுகிறேன் என்றேன். போட்டாயிற்று. இனி மற்றதைச் சொல்கிறேன்.

சாந்தோமில் நாங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து பெரிய வெள்ளிக்கிழமைதோறும் பாஸ்கு நாடகம் போடுகிறோம். சேசுநாதர் பாடுபட்டு மரித்த கதை. அதில் யூதாஸ், கன்னத்தில் முத்தம் கொடுத்து ஆண்டவரைக் காட்டிக் கொடுக்கிறவன். கடைசியில் நாண்டுகொண்டு சாகிறவன். அந்த வேஷத்துக்கு என்ன மரியாதை என்று போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நாடகம் முடிந்து வீட்டுக்குத் திரும்பினால் தெருப் பசங்கள் ஈர மணலை உருண்டை பிடித்து முதுகில் அடிப்பார்கள். மீன்காரி என்னைக் கண்டால் கூடையை மூடுவாள். என் சம்சாரம் மர்சலின், மூன்றாம் நாள் உயிர்த்த திருநாள் பூசை முடிகிறவரை பிள்ளைகளை நான் கொஞ்சக் கூடாது என்பாள். "ஆண்டவரைக் காட்டிக் கொடுத்த வாய், அப்பால வா" என்பாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தால் முகத்தில் சிரிப்பு இருக்காது.

எனக்கு ஆசையெல்லாம் இராயப்பர் வேஷத்தின் மேல். அப்போஸ்தலர்களில் மூத்தவர், மற்றவர்கள் பேதுரு என்று சொல்கிறார்களே, அவர்தான். அவரும் தப்புப் பண்ணினவர்தான். ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, "அந்த மனிதனை நான் அறியேன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, சேவல் கூவினதும் அழுதவர். இரண்டு பேரும் தப்புப் பண்ணினார்கள், இரண்டு பேரும் அழுதார்கள். ஒருத்தருக்கு மோட்சத்துச் சாவி கிடைத்தது, இன்னொருத்தனுக்குக் கயிறு. வருஷா வருஷம் எனக்குக் கயிறுதானா என்று கேட்டால் ஆம்ப்ரோஸ், "உன் குரல் அப்படி, பவுலு" என்பார். நான் விறகுத் தொட்டியில் வேலை செய்கிறவன். கோடாலிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி என் தொண்டை அப்படி ஆகிவிட்டது. அது யூதாஸின் தொண்டை என்று யார் சொன்னது?

ஆனால் உண்மையான காரணம் குரல் இல்லை. இராயப்பர் வேஷம் ஆம்ப்ரோஸின் ஒரே மகன் ஞானதாஸுடையது. ஞானம் பெரிய நடிகன் ஒன்றும் இல்லை. ஆனால் அழவேண்டிய இடத்தில் உண்மையாகவே அழுவான், ஜனமும் சேர்ந்து அழும். யுத்தத்துக்கு முந்தின வருஷம் அவனுக்குச் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கல்யாணமான புதிது. பெண்சாதி ஐரினை அப்பாவிடம் விட்டுவிட்டு, வீடு பார்த்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று கப்பலேறினான். வேஷம் இனி எனக்குத்தான் என்று நினைத்தேன். ஆம்ப்ரோஸ் என்ன செய்தார் தெரியுமா? மேடையில் ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் மகனுடைய நீலச் சால்வையை விரித்து, தான் வேலை பார்க்கிற துரை வீட்டு ஸ்டோர் ரூம் சாவியை அதன்மேல் வைத்தார். திரைக்குப் பின்னால் நின்று இராயப்பர் வசனத்தை அவரே பேசினார்.

மூன்று வருஷம் இப்படி. பதினோரு அப்போஸ்தலர், ஒரு முக்காலி. எங்கள் சபை ஆள் கபாலி ஜனங்களிடம், "ராயப்பரு சிங்கப்பூரு போய்கீறாரு, வந்துடுவாரு, குந்து" என்று சொல்லுவான். ஜனத்துக்கும் பழகிப்போயிற்று. எனக்குப் பழகவில்லை. நான் ஒருத்தன் குத்துக்கல்லாக நிற்கும்போது முக்காலிக்கு வேஷமா?

ஆம்ப்ரோஸ் அடையாற்றில் ஆற்றோரத்துப் பங்களா ஒன்றில் பட்லர். முப்பது வருஷமாக அதே துரை. வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், எண்ணெய் போட்டுப் படிய வாரின தலை. வீடு சாந்தோமில் எனக்குப் பக்கத்து வீடு. துரை டிபனுக்கும் டின்னருக்கும் நடுவில் கிடைக்கிற பொழுதில் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வருவார். துரை படித்துப் போட்ட பத்திரிகை கைப்பிடியில் மடித்துச் சொருகியிருக்கும். ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம். மற்ற படிப்பெல்லாம் சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் நின்று காதால் வாங்கினது என்பார்.

நாடகத்தில் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து வராது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். ஆகையால் பெரிய வெள்ளிக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கியதும் ஆம்ப்ரோஸ் ஒவ்வொருவர் வேலை செய்கிற இடத்துக்கும் வந்து வசனம் சொல்லிக் கொடுப்பார். நான் சவுக்குக் கட்டை பிளந்துகொண்டிருப்பேன். கோடாலி விழுந்ததும் அவர் ஒரு வரி சொல்வார். கோடாலியைத் தூக்கும்போது நான் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். தப்பினால் அடுத்த கட்டை. சேசுநாதர் வேஷக்காரர் தபால்காரர் இன்னாசி. அவரோடு தெருத் தெருவாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். ஒரு வீட்டுக்குக் கடுதாசி, ஒரு வரி வசனம். இப்படிச் சொல்லிக்கொடுத்த வசனம் சாகிறவரை மறக்காது. இன்றைக்கும் கோடாலியைத் தூக்கினால் எனக்கு யூதாஸ் வந்துவிடுகிறான்.

கபாலியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் ரிக்‌ஷா இழுக்கிறவன். அடையாறு ஆற்றோரத்துக் குடிசையில் இருக்கிறான். கோயிலுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவனைப் போலச் சேவல் கூவ இந்தப் பட்டணத்தில் ஆள் கிடையாது. திரைக்குப் பின்னாலிருந்து அவன் கூவினால் பக்கத்துத் தெருக் கோழிகள் பதில் சொல்லும். வேற்று மதத்தான் கூவலாமா என்று ஒருத்தர் ஒரு தடவை கேட்டார். "கோழிக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டு வா, அப்பால நான் போயிடறேன்" என்றான் கபாலி. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இனி நாற்பத்திரண்டாம் வருஷத்துத் தபசுகாலத்துக்கு வருகிறேன். தபசுகாலம் தொடங்குகிற சாம்பல் புதன்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் விழுந்தது. மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆம்ப்ரோஸ் கொட்டகையில் எங்களுக்குப் பத்திரிகை படித்தார். கோயிலுக்குப் பின்னால் கடற்கரைப் பக்கம் எங்கள் கீற்றுக் கொட்டகை. வழக்கமாகப் படித்துவிட்டு, துரை சாப்பிடும்போது அதைப் பற்றி என்ன சொன்னான் என்றும் சேர்த்துச் சொல்வார், நாங்கள் சிரிப்போம். அன்றைக்குச் சேதியைப் படித்தார், பின்பக்கத்துத் தைல விளம்பரத்தையும் விடாமல் படித்தார், மடித்தார். "ரைட். ஒத்திகை" என்றார்.

அந்த மார்ச்சு மாதத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது, பட்டணம் காலியாகிக்கொண்டே வந்ததுதான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மாம்பலத்துக்காரர்கள், மயிலாப்பூர்க்காரர்கள் எல்லாம் மூட்டை கட்டினார்கள். எங்கள் தொட்டியில் தராசு சும்மா தொங்கியது. நான் வழக்கமாக விறகு போடுகிற மாட வீதி மாமி வாசலில் பூட்டோடு நின்றுகொண்டு, "வேண்டாம்ப்பா, ஆத்துல எல்லாரும் கும்மோணம் கெளம்பிண்டிருக்கோம்" என்றாள்.

"திரும்பி வந்தா வேணுமே மாமி, போட்டு வெச்சுட்டுப் போறேனே" என்றேன்.

"நன்னாருக்கே. ஜப்பான்காரன் வந்து என் அடுப்புல சமைச்சுக்கறதுக்கு நான் வெறகு வாங்கி வெக்கணுமா?"

மாமிக்கு இருந்த பயத்திலும் வாய் குறையவில்லை.

எங்கள் அப்போஸ்தலர்களும் கிளம்பினார்கள். முதலில் போனவர், ஆண்டவர் உயிர்த்ததையே சந்தேகப்பட்ட தோமையாரின் வேஷக்காரர். வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வரவில்லை. திருநெல்வேலி ரயிலில் ஏறிவிட்டதாகத் தெரிந்தது. ஆம்ப்ரோஸ் தொட்டிக்கு வந்து சொன்னார்: "எல்லாத்தையும் சந்தேகப்பட்டவர், பவுலு. இதை மட்டும் சந்தேகமே படாம நம்பி வண்டி ஏறிட்டார்."

"போனாப் போவட்டும்ணே. அந்த ஆளு பேசறதே காதுல விழாது."

"அவர் வரியை அருளப்பருக்கு மாத்தி எழுதிட்டேன்" என்றார்.

அந்த மாதம் முழுக்க அவருக்கு எழுத்து வேலை. துரைக்கு வந்த பழைய விருந்து அழைப்பு அட்டைகளின் பின்பக்கத்தில் நீலப் பென்சிலால் எழுதுவார். ஒரு ஆள் ஊரைவிட்டுப் போனால் அவன் வசனத்தை இரண்டு பேருக்குப் பங்கு போடுவார். மறுவாரம் அந்த இரண்டு பேரில் ஒருத்தன் போவான், மறுபடி எழுதுவார். எங்கே போனாலும் சட்டைப் பையில் அட்டைகள். "எனக்கு அட்டை கெடையாதா நைனா?" என்று கபாலி கேட்டான். ஆம்ப்ரோஸ் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் 'கொக்கரக்கோ' என்று எழுதிக் கொடுத்தார். படிக்கத் தெரியாத கபாலி அதை ரிக்‌ஷா இருக்கைக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டி, "நம்ம பாகம்" என்றான்.

ஏன் இவ்வளவு பாடுபடுகிறார் என்று நானே கேட்டுவிட்டேன். இந்த வருஷம் ஒரு வருஷம் நிறுத்தினால் என்ன?

ஆம்ப்ரோஸ் கட்டைக் குவியலின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். "ஞானம் வர்ற நேரத்துல நாடகம் நின்னு போயிருந்தா அவன் என்ன நினைப்பான்? அவன் இடம் அப்படியே இருக்கணும், பவுலு. நான் அவனுக்குச் செய்யக்கூடியது இப்போ அது ஒண்ணுதான்."

கோடாலியைத் தூக்கினேன். அவர் அடுத்த வரியைச் சொன்னார்.

ரங்கூன் விழுந்த வாரம் ஒத்திகையில் ஒன்று நடந்தது. இராயப்பர் மறுதலிக்கிற கட்டம். முக்காலி மேடையில். ஆம்ப்ரோஸ் திரைக்குப் பின்னால். முதல் தடவை "நான் அறியேன்" என்றார். இரண்டாவது தடவையும் சொன்னார். மூன்றாவது வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். கடல் சத்தம்தான் கேட்டது.

கபாலி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "நைனா, மூணாவது தபா நீ சொல்லவே இல்ல. நான் இன்னாத்துக்குக் கூவறது?"

"கூவு, கபாலி. மேலே போகலாம்."

"சொல்லாங்காட்டி எப்டி கூவறது? கோழிக்கு ஒரு நாயம் இல்லியா?"

"கூவுடான்னா!" ஆம்ப்ரோஸ் அப்படிக் கத்தி நாங்கள் யாரும் கேட்டதில்லை. கபாலி கூவினான். தெருவில் ஒரு கோழிகூடப் பதில் சொல்லவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. "வரியை முழுங்கிட்டுப் போனா நாடகமாண்ணே இது? அந்த வரிக்கு ஒரு ஆளைப் போட்டா ஆவாதா?" என்றேன். ஆம்ப்ரோஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னாசி என்னைக் கொட்டகைக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். நாடகத்தில்தான் அவர் சாந்தம். "உனக்கு அறிவு கீதா? தெனம் காலையில மவன் கடுதாசிக்காவ பங்களா கேட்டாண்ட நிக்கறாரு அந்த மனுஷன். நான் சைக்கிள்ல முனை திரும்பறப்பவே கையை விரிச்சுக் காட்டிடறேன், கிட்டப் போயி 'இல்ல'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மூணு வருஷமா மவனுக்குப் பதிலாப் பேசிக்கினு கீறாரு. இப்ப அந்த எடத்துல நின்னு 'அவனை அறியேன்'னு சொல்லணும்னா, யாரு சொல்றது, யாரைச் சொல்றதுன்னு அவருக்கே கொழம்பாதா?"

அதற்குப் பிறகு ஒத்திகையில் அந்தக் கட்டம் வந்தால் கபாலி இரண்டாவது 'அறியேன்' முடிந்ததுமே கூவிவிடுவான். யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம்.

இதற்கு நடுவில் துரையின் கம்பெனியைக் குன்னூருக்கு மாற்றுவது என்று ஆகிவிட்டது. பாஸ்கு முடிந்த கையோடு பங்களாவைப் பூட்டப் போகிறார்கள். ஆம்ப்ரோஸும் கூட வரவேண்டும் என்று துரை சொல்லிவிட்டான். ஆம்ப்ரோஸ் முடியாது என்று நின்றார். வேலை போனால் போகட்டும், மகன் வந்து கதவைத் தட்டும்போது நான் மலையில் உட்கார்ந்திருப்பதா என்றார். வேலை போனால் அவரும் ஐரினும் என்ன செய்வார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஐரின் கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு ஆள் கஞ்சி குடிக்கலாம்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் சாயங்காலம், நாடகத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது. மீந்திருந்த அப்போஸ்தலர் நாலு பேர், அதில் நான் யூதாஸ். அருளப்பர் வேஷக்காரன் அன்று பகலில்தான் சொல்லிக்கொண்டு போனான். ஆம்ப்ரோஸ் முக்காலியைத் துடைத்துச் சால்வையை விரித்துக்கொண்டிருந்தார். ஐரின் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். ஒத்திகைக்குப் பொம்பளைகள் வருகிற வழக்கம் இல்லை. நாங்கள் எழுந்து நின்றோம்.

"மாமா, அந்த முக்காலியை எடுத்துடுங்க" என்றாள்.

ஆம்ப்ரோஸ் திரும்பவில்லை. "அது ஞானத்தோட இடம்மா."

"அதனாலதான் சொல்றேன். செத்துப்போனவங்களுக்குத்தான் இப்படித் துணி போட்டு இடம் விட்டு வைப்பாங்க. போன வருஷம் பாத்தவங்க சிரிச்சாங்க. இந்த வருஷம் முக்காலியைப் பாத்துட்டு, அப்படியே திரும்பி என்னைப் பாப்பாங்க. நான் எங்க மூஞ்சியை வெச்சுக்கறது?"

சால்வையின் முனை ஆம்ப்ரோஸ் கையில் இருந்தது. அதை நேராக்கினார், மறுபடி நேராக்கினார்.

"அவர் ஊர்ல இல்ல, அவ்வளவுதானே?" ஐரின் குரல் இப்போது மெதுவாக வந்தது. "ஊர்ல இல்லாதவர் வேலையை இன்னொருத்தர் பாக்கறது இல்லையா? இன்னாசியண்ணனுக்குக் காய்ச்சல்னா தபால் நின்னா போவுது? உயிரோட இருக்கறவர் வேஷத்தை யாராவது போட்டுக்கட்டும். வந்து வாங்கிப்பார்."

மூன்று வருஷமாக அந்த முக்காலியைப் பார்த்து நான் வயிறு எரிந்திருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காத்திருக்கிறோம் என்று காட்டுவதற்கு அவர் போட்டு வைத்தது, இந்தப் பெண்ணுக்குச் சாவு வீடாகத் தெரிந்திருக்கிறது.

ஆம்ப்ரோஸ் சாவியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டார். சால்வையை எடுத்து மணல் போக உதறினார். நேராக என்னிடம் வந்து என் தோளில் போட்டார்.

"இரவல்தான், பவுலு. திருப்பித் தரணும்."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். "எனக்கு வேணாம்ணே" என்றேன்.

"பதினோரு வருசமா எங்க உசிர வாங்கிக்கினு இருந்தே. இப்ப இன்னா கொயந்த மாரி வேணாங்கறே?" என்றான் கபாலி.

"போட்டுக்குங்கண்ணே. எனக்காக" என்றாள் ஐரின். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

"அப்போ யூதாஸு யாரு?" என்று இன்னாசி கேட்டார்.

ஆம்ப்ரோஸ் சுற்றிலும் பார்த்தார். எண்ணிப் பார்க்க ஆளே இல்லை. "நான்தான்" என்றார்.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று பகலிலேயே நாடகம். பொழுது இறங்கினால் விளக்கு ஏற்றக்கூடாது என்று உத்தரவு. வழக்கமாகக் கொட்டகை கொள்ளாது; அன்று பாதிதான். எங்களைப் போலப் போக இடமில்லாதவர்கள், போக விடாத உத்தியோகக்காரர்கள், செம்படவர்கள், இவர்கள்தான்.

நான் இராயப்பர். தோளில் நீலச் சால்வை, இடுப்பில் ஸ்டோர் ரூம் சாவி. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, பூங்காவனக் கட்டம் வரைக்கும். சேவகர்கள் வருகிறார்கள், யூதாஸ் முன்னால் வந்து ஆண்டவருக்கு முத்தம் கொடுக்கவேண்டும். சேவகர்களின் காலடிச் சத்தம் கேட்டதும் என் கால் என்னைக் கேட்காமல் நடந்தது. பதினோரு வருஷத்துப் பழக்கம். நேராகப் போய் இன்னாசியின் தோளைப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகுதான் தெரிந்தது. இன்னாசி பல்லைக் கடித்துக்கொண்டு, "நாசமாப் போனவனே" என்றார், ஆண்டவர் முகத்தை மாற்றாமல். கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். பெரிய வெள்ளிக்கிழமையில் சிரிக்கக் கூடாது என்று மற்றவர்கள் வாயைப் பொத்தினார்கள். பொத்தப் பொத்தச் சிரிப்பு வந்தது. பங்குச் சாமியார் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

எனக்குப் பின்னால் ஆம்ப்ரோஸ் நின்றார். கறுப்புப் போர்வை, இடுப்பில் கயிறு. என் தோளில் கைவைத்து, துரை வீட்டில் விருந்தாளிக்கு நாற்காலியை நகர்த்துகிற மாதிரி மரியாதையாக நகர்த்தினார்.

"தள்ளு, இராயப்பா. அது என் வேலை" என்றார்.

அப்படி ஒரு வரி நாடகத்தில் கிடையாது. அவர் சொன்ன விதத்தில் கூட்டம் அப்படியே அடங்கிப்போயிற்று. பிறகு அவர் இன்னாசியின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். பதினோரு வருஷம் நான் கொடுத்த முத்தத்துக்குக் கிடைக்காத அமைதி அதற்குக் கிடைத்தது. ஒப்புக்கொள்கிறேன்.

மறுதலிக்கிற கட்டம் வந்தது. முதல் தடவை சொன்னேன். இரண்டாவது சொன்னேன். மூன்றாவதற்கு எனக்குப் பயம் வந்துவிட்டது. கபாலி அவசரப்பட்டுக் கூவிவிடப் போகிறானே, அந்த வரி மறுபடியும் விழுங்கப்பட்டுப் போய்விடுமே என்று என் தொட்டிக் குரலை முழுசாக எடுத்துக் கத்தினேன்: "அந்த மனிதனை நான் அறியேன்!"

கொட்டகைக் கூரையிலிருந்து காக்கைகள் எழுந்து பறந்தன. பெண்கள் பக்கத்தில் ஐரின் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். மர்சலின் அவள் முதுகில் கை வைத்தாள். திரை ஓரத்தில் யூதாஸ் வேஷத்தோடு நின்ற ஆம்ப்ரோஸ், அடி பட்டவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கபாலி கூவ மறந்தே போனான். நான் திரும்பிப் பார்த்த பிறகுதான் கூவினான். கரகரவென்று ஏதோ வந்தது. இராயப்பர் அழவேண்டிய இடம். அதற்கு யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

நாடகம் முடிந்து ஆம்ப்ரோஸும் நானும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம். அவர் வேஷத்தைக் கலைத்து வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். ஆனாலும் பசங்களுக்குக் கணக்குத் தெரியும். கோயில் மதில் தாண்டியதும் 'சொத்'தென்று ஒரு ஈர மணல் உருண்டை அவர் முதுகில் விழுந்தது. இன்னொன்று பிடரியில். மீன்காரி எங்களைப் பார்த்தாள், என்னிடம் சிரித்தாள், அவரைப் பார்த்துக் கூடையை மூடினாள்.

ஆம்ப்ரோஸ் நின்று கோட்டை உதறிக்கொண்டே கேட்டார்: "இதைத்தான் வருஷா வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தியா?"

"ஆமாண்ணே."

"வலிக்குதுடா."

அந்த ஒரு சொல்லில் என் மனத்தாங்கலில் பாதி போயிற்று. மீதியை நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன். அது இருந்தால் அவரும் இருப்பதுபோல இருக்கிறது.

உயிர்த்த திருநாள் அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டணம். அதற்குப் பிறகு பட்டணத்தில் நின்றவன் யார்? துரை பங்களாவைப் பூட்டினான். போகமாட்டேன் என்று நின்ற ஆம்ப்ரோஸை ஐரின்தான் கிளப்பினாள். "வேஷத்தை இரவல் குடுத்தீங்க இல்ல, வீட்டை எனக்கு இரவல் குடுங்க. கதவைத் திறக்க நான் இருக்கேன். நீங்க போய் வாங்க" என்றாள். பக்கத்தில் மர்சலினும் நானும் இருக்கிறோம் என்றோம்.

அவர் திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் குளிரில் நெஞ்சுச் சளி கட்டி, குன்னூரிலேயே போய்ச் சேர்ந்தார். அங்கேயே அடக்கம். யுத்தம் முடிந்து சிங்கப்பூர்க் கப்பல்கள் வரத் தொடங்கியதும் ஐரின் துறைமுகத்துக்குப் போய்ப் போய் நின்றாள். கபாலிதான் அழைத்துப் போவான். ஞானம் இன்னும் வரவில்லை. இல்லை என்று சொன்னவரும் யாரும் இல்லை. ஒவ்வொரு தபசுகாலமும் நான் சால்வையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவேன். ஐரின் அதை வாங்கித் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பிக் கொடுப்பாள். "இந்த வருஷமும் நீங்களே வெச்சுக்குங்கண்ணே" என்பாள். மேடையில் இப்போது முக்காலி இல்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது சென்ட்ரல் ஸ்டேஷனில். மேட்டுப்பாளையம் வண்டி. கபாலி ரிக்‌ஷாவில் அவரை ஏற்றி இழுத்தான். நான் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூடவே ஓடினேன். ஸ்டேஷனில் காலை வைக்க இடமில்லை. மூட்டை, குழந்தை, கூண்டோடு கிளி. துரை முன்னால் முதல் வகுப்பில். ஆம்ப்ரோஸை வேலைக்காரர்கள் பெட்டியில் ஜன்னல் வழியாகத்தான் ஏற்ற முடிந்தது. கபாலி காலைப் பிடித்துத் தூக்க, நான் முதுகைத் தள்ள, பித்தளைப் பொத்தான் ஒன்று தெறித்துப் போயிற்று.

"பட்லரு ஜன்னல்ல பூறுறாரு பாரு. தொர பாத்தா வேலையே போயிடும்" என்றான் கபாலி. ஆம்ப்ரோஸ் சிரித்தார். தலைமுடியைப் படிய வாரிக்கொண்டார்.

"ஞானம் வந்தா சால்வையை அவன்கிட்ட குடுத்துடு."

"தெரியும்ணே. நூறு தபா சொல்லிட்டே."

"சாவி ஐரின்கிட்ட இருக்கு. துரைக்குத் தெரியாது."

"சரிண்ணே."

விசில் ஊதினான். வண்டி அசைந்தது. ஆம்ப்ரோஸ் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே நீட்டினார். என்னவோ சொன்னார், காதில் விழவில்லை. நான் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன்.

"இன்னாண்ணே?"

"அந்த மூணாவது தடவை, பவுலு."

"எந்த மூணாவது?"

"அறியேன்னு சொல்றப்போ. அவ்ளோ சத்தமா வேணாம். அதை மட்டும் மெதுவாச் சொல்லு."